பெட்டிக்குள் வாழைக்கன்று

"உங்கள் கண்டெய்னருக்குள் வாழைமரம் இருக்கிறது" என்று பயோசெக்யூரிட்டி அதிகாரி போனில் சொன்னபோது, சாந்தகுமாரி வேறு யாருக்கோ வந்த போன் என்றுதான் நினைத்தாள். அவள் வரவழைத்தது தினைச் சேமியா. அருப்புக்கோட்டை மில்லில் இருபத்திமூன்று பெண்கள் செய்து அனுப்பியது. அதுக்கும் வாழைமரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதிகாரி சளைக்காமல் போட்டோ அனுப்பினார். கதவை ஒட்டி உள்பக்கம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ரெண்டு வாழைக்கன்று. நாற்பது நாள் கடலில் அழுகிக் கறுத்து, பூச்சி மொய்த்துக் கிடந்தது. மேலே மாவிலைத் தோரணம் வேறு. கல்யாண வீட்டு வாசல் கெட்டது போங்கள்.

நியூசிலாந்துக்குள் ஒரு ஆப்பிளைப் பையில் மறந்து கொண்டுவந்தாலே அபராதம். இவர்கள் தோப்பையே அனுப்பியிருக்கிறார்கள்! பூச்சி இருப்பதால் மூன்றே வழி என்றார் அதிகாரி. மொத்தப் பெட்டிக்கும் விஷப்புகை போடலாம், திருப்பி அனுப்பலாம், இல்லையென்றால் அழித்துவிடலாம்.

"நாசமாப் போச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில், ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் இருந்த அவள் குடோனின் மறுகோடியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த தியாகலிங்கம் வண்டியை அப்படியே நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவள் தொழில் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர்.

"என்ன தங்கச்சி, ஆரை ஏசுறீங்கள்?"

"பாருங்கண்ணே, இதப் பாருங்க! புகை போட்டா பாக்கெட்டு மேல 'மருந்து படாதது'ன்னு அச்சடிச்சிருக்கே, அது பொய்யாயிடும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே சூப்பர் மார்க்கெட்டுல எடம் குடுத்தான்? வர்ற திங்கக்கிழமை பதினோரு கடையில அடுக்கணும். எதை அடுக்குறது, என் தலையவா?"

வயிறு எரியாமல் என்ன செய்யும்? அந்த இடம் சும்மா கிடைத்ததா? முதல் ரெண்டு வருஷம் ஆக்லாந்தில் இருக்கிற இந்தியக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். எல்லாரும் தின்று பார்த்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், வாங்க மட்டும் மாட்டோம் என்றார்கள். காரணம் சதாசிவம். அரிசி, பருப்பு, அப்பளம், ஊறுகாய் எதுவானாலும் இந்த ஊர்க் கடைகளுக்கு அவன் லாரியில்தான் வந்து இறங்க வேண்டும். "அந்தம்மா சரக்கை வச்சீங்கன்னா என் லாரி உங்க கடை வாசல்ல நிக்காது." இவ்வளவுதான் சொல்வான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவன்தான். அதனால்தான் அவள் அவனைத் தாண்டி வெள்ளைக்காரன் சூப்பர் மார்க்கெட்டின் கதவைத் தட்டினாள். பதினான்கு மாதம் தட்டினாள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் இந்த மில்காரிகள் தாழியை உடைத்துவிட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் பொழுது விடிந்துகூட இருக்காது. இருந்தால் என்ன? மில்லை நடத்துகிற வித்தியாவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? கண்டெய்னருக்குள்ள எதுக்குடி வாழமரத்தக் கட்டின?"

வித்தியா தூக்கக் கலக்கத்தில் ஒரு கொட்டாவி விட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "அக்கா, அன்னிக்கு ஆயுத பூஜைக்கா."

"இருந்தா?"

"ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினைத் தொட மாட்டோம், சரக்கு ஏத்த மாட்டோம்னு அத்தனை பேரும் நின்னாங்க. மறுநாள் விடியக்காலைல ஏத்திடறோம்னு உங்ககிட்டக் கேட்டேன். கப்பல் போயிடும், இன்னிக்கே ஏத்தலைன்னா ஒப்பந்தமே கிடையாதுன்னீங்க. பூஜை நாள்ல வேலை செஞ்சா மில்லுக்கு ஆகாதுன்னு எங்க ஆளுங்க அழுதுச்சுங்க. அப்ப பெட்டிக்காவது பூஜை போட்டு ஏத்தறோம்னு சொன்னேன். 'என்னத்தையாவது பண்ணித் தொலைங்க, பெட்டி சாயங்காலத்துக்குள்ள கெளம்பணும்'னு சொன்னீங்க. லாரிக்குக் கட்டுற மாதிரி பெட்டிக்கும் கட்டினோம். வெளிய கட்டினா காத்துல பிச்சுக்கும்னு உள்ள கட்டினோம்."

சாந்தகுமாரிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மோட்டார்வேயில் கார் ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் கத்தியது, சொன்ன வார்த்தை உட்பட. இவளும் விருதுநகர்க்காரிதான். ஆயுத பூஜை அன்று கத்திரிக்கோலைக்கூட எடுக்கவிடாத வீட்டில் வளர்ந்தவள்தான். இருந்தும் போனை வைக்கும்போது கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் பிடிபடவில்லை.

அடுத்த அரை மணியில் சதாசிவமே கூப்பிட்டுவிட்டான். துறைமுகத்து லாரிக்காரர்களில் பாதிப் பேர் அவன் ஆட்கள், சேதி போகாமலா இருக்கும்?

"என்ன சாந்தாம்மா, சிக்கலாமே? நமக்குள்ள என்ன, எங்கிட்ட சேமியா கெடக்கு. பதினோரு கடையையும் நான் நிரப்பிடறேன். பேரு மட்டும் என் பேரா இருக்கட்டும். உங்களுக்குக் கமிஷன் தர்றேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்துவிட்டான் பாருங்கள்.

"உன் சரக்கை வைக்கிறதுக்கு அந்த ஷெல்ஃபு காலியாக் கெடக்கட்டும்யா!" என்று கத்திவிட்டுப் போனை மேஜையில் அடித்தாள். தியாகலிங்கம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சூப்பர் மார்க்கெட் ஆபீசில் கொள்முதல் அதிகாரி ரேச்சல் முழுக்கக் கேட்டாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு தாளை நகர்த்தி வைத்தாள்.

"பெட்டியைச் சுத்தம் பார்த்து ஏற்றியதாக மில் கையெழுத்துப் போட்ட தாள் இது. அவர்கள் தவறு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த மில்லை எங்கள் பட்டியலிலிருந்து நீக்குவோம். வேறு மில் தேட உங்களுக்கு மூன்று மாதம் தருகிறேன், இடம் உங்களுடையதுதான். உங்கள் தவறு என்றால் மில் பட்டியலில் இருக்கும், உங்களுக்கு இடம் கிடையாது. யார் தவறு?"

இன்னொரு தாளில், தவறு யாருடையது என்ற ஒரே ஒரு கோட்டை நிரப்ப வேண்டும். மில்லின் பெயரை எழுதினால் போதும். கையெழுத்துப் போட்டது வித்தியாதானே? பொய்கூடக் கிடையாது. சாந்தகுமாரி பேனாவை எடுத்தாள். ரெண்டு வருஷம் கடை கடையாக அலைந்தது, பதினான்கு மாதம் இந்த ஆபீஸ் நாற்காலியில் காத்துக் கிடந்தது எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. கூடவே, அழுதுகொண்டே மூட்டை ஏற்றின இருபத்திமூன்று பேரும் வந்து நின்றார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தித் தன் பெயரை எழுதினாள்.

திரும்பி வந்ததும் தியாகலிங்கத்திடம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. புகை போட்டு எடுப்பம். அந்த 'மருந்து படாதது' எண்டதுக்கு மேலை ஸ்டிக்கரை ஒட்டி ஏவன்டேல் ஞாயிறு சந்தையிலை வித்துப்போட்டு அங்காலை பாப்பம். நீங்கள் வந்து முதல்லை சாப்பிடுங்கோ."

"எனக்குப் பசிக்கலண்ணே. யாரையாவது அறையணும் போல இருக்கு."

"ஓம், அது விளங்குது. சாப்பிட்டிட்டு அறையுங்கோ."

மூன்றாம் நாள் சாயங்காலம் வித்தியாவே கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அக்கா, சதாசிவம்னு ஒருத்தர் பேசினாரு. அந்தப் பதினோரு கடையும் இப்ப அவர்கிட்ட வந்திருச்சாம். பட்டியல்ல எங்க மில்லு இருக்கறதால எங்க சரக்கையே கேக்குறாரு."

சாந்தகுமாரிக்குக் காது அடைத்தது. ஷெல்ஃபும் போய், மில்லும் போய், அதுவும் அந்தப் படுபாவி கைக்கே! "நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்க்கா. இருபத்திமூணு வீட்டுல அடுப்பு எரியணும்ல? உங்களுக்குத் துரோகம் பண்ணணும்னு இல்ல."

திட்ட வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. வித்தியா சொன்னதில் எங்கே தப்பு? அதுதான் இன்னும் எரிந்தது. கடைசியில் இதைத்தான் கேட்டாள்.

"எப்ப ஏத்தச் சொல்றான்?"

"தை ரெண்டாந்தேதி."

"மாட்டுப் பொங்கலன்னிக்கா?" குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அறிவிருக்கா அவனுக்கு? அத்தனை பேரு வீட்டுலயும் ஆடு மாடு நிக்குது, அதுகளக் குளிப்பாட்டிப் பொங்கல் வைப்பாங்களா, அவனுக்கு மூட்டை தூக்குவாங்களா? முடியாதுன்னு சொல்லுடி! கப்பல் போனா போகட்டும், முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு!"

"உங்ககிட்டயும் அப்படித்தானக்கா சொன்னேன்" என்றாள் வித்தியா.