சாய்தளத்தின் உச்சியில் இரண்டு கம்பங்கள்

1.

இந்தக் கதை ஒரு சாய்தளத்தில் பிறந்தது. உகாண்டாவில், நைல் கரையில் ஒரு சிறு நகரம், பெயர் வேண்டாம். நீதிமன்ற வாசலில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் கைப்பிடி, மென்மையான ஏற்றம். இதில் ஏறிப் போக ஒருத்தி வேண்டுமே என்று நைகாகாவை உண்டாக்கினேன்.

[மனிதருக்காகச் சாய்தளம் கட்டுவார்கள். நான் சாய்தளத்துக்காக ஒரு மனுஷியைக் கட்டினேன்.]

2.

முதல் தொடக்கம்: அன்று காலை நைல் நதி வெள்ளித் தகடுபோல—

வேண்டாம். நைகாகா நதியைப் பார்க்கவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வியர்க்க வியர்க்க வழக்குக்கு வந்துகொண்டிருந்தாள். கணவன் செத்ததும் அவன் தம்பி வாக்கோலி அவளுடைய வாழைத்தோட்டத்தை வளைத்துக்கொண்டான். மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பார்கள். அறைக்குள் ஆள் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி, தோட்டம் அவனுக்கு.

3.

ஆளேற்றிப் போகும் வாடகை பைக்காரர்கள் நிழலுக்காக மேலே ஏறிவிடுகிறார்கள் என்று சாய்தளத்தின் உச்சியில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நடுவில் பைக் நுழையாது. அவள் வண்டியும் நுழையவில்லை.

"வேற வழி இருக்கா தம்பி?"

"இருக்கும்மா. படி," என்றான் காவலாளி.

"படி ஏற முடிஞ்சா இந்த வண்டிய எதுக்குச் சுத்துறேன்?"

வெயிலில் நின்ற பைக்காரன் ஒருவன் சிரித்தான். "நீங்களும் எங்க ஆளாயிட்டீங்க. வாங்கம்மா, வரிசையில நில்லுங்க."

ஜன்னல் வழியே எழுத்தரின் குரல்: "நைகாகா."

"இங்கதான்யா இருக்கேன்."

காவலாளி உள்ளே ஓடினான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். "உள்ள வந்தாதான் வந்த கணக்காம்."

4.

முடிவு அ: பைக்காரர்கள் அவளைத் தூக்கிச் செல்கிறார்கள்.

(போன விசாரணைக்கு அப்படித்தான் போனாள். அவள் உடை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்க, வாக்கோலி நீதிபதியிடம் கேட்டான்: "எந்திரிக்கக்கூட முடியாதவ தோட்டத்த வச்சு என்ன பண்ணுவா?" நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார்.)

முடிவு ஆ: தவழ்கிறாள். உங்கள் கண் கலங்கும். பிறகு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். இதை எழுதும்போதே அவள் தடுத்துவிட்டாள். "வேணும்னா நீ தவழ்ந்து போ. என்னத் தரையில போட்டுத்தான் உன் கதை நடக்கணுமா?"

முடிவு இ: யாரோ ஒரு கடப்பாரையோடு—

யாரும் வரவில்லை. கம்பங்களின் அடியில் சிமெண்டு நன்றாகக் காய்ந்திருந்தது.

5.

இரண்டாவது அழைப்பும் ஆயிற்று. உள்ளே வாக்கோலி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். வெளியே நைகாகா வண்டியின் முன்சக்கரத்தைக் கம்பத்தில் மோதுகிறாள். மறுபடியும் மோதுகிறாள். எழுத்தர் வாயைத் திறக்கிறார்.

அவர் சொல்லப்போகும் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாதவரை தோட்டம் அவளுடையது.

ஆனால் நீங்கள் அதை மனதுக்குள் சொல்லிவிட்டீர்கள்.