வெந்நீரில் போட்ட குச்சி

கொட்டகைக்குள் இருந்தவர்கள்: சினை ஊசிக்காரர், மாட்டுக்காரர், அவர் மனைவி, கட்டுத்தறியில் கோபக்காரி. வாசலில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அடிமாட்டு வியாபாரி. கோபக்காரி என்பது பசு. அந்தப் பெயர் மனைவிக்கும் பொருந்தும் என்று மாட்டுக்காரர் சொல்வதுண்டு, அவள் பக்கத்தில் இல்லாதபோது.

மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. நாலாவது போட்டு நாற்பத்திரண்டு நாள். விடிந்ததிலிருந்து பசு பருவத்துக்கு வந்ததுபோல மறுபடி கத்துகிறது. இன்று போடுவதுதான் கடைசி. இதுவும் நிற்காவிட்டால் வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு; அதற்கு இன்றே விலை பேசி வைக்க அவர் வந்திருந்தார்.

ஊசிக்காரருக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. முதலில் மாட்டைச் சோதித்துவிட்டுத்தான் குச்சியைத் தொட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். அவரோ வந்த வேகத்தில் நைட்ரஜன் கேனிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்து வெந்நீரில் போட்டுவிடுவார். இன்றும் அப்படித்தான். நேரம் மிச்சம். ஆனால் உருகியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. சில நிமிடங்களுக்குள் மாட்டுக்குள் போயாக வேண்டும்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் மனைவி. "சினை நிக்கலன்னா இருபத்தொன்னாம் நாளே கத்தியிருக்கணும், இது கத்தவே இல்ல. இப்ப கத்துதே தவிர, பக்கத்து மாடு மேல ஏறினா உதறிட்டு ஓடுது. கண்ணாடி மாதிரி சளி ஒழுகணுமே, அதுவும் இல்ல. எனக்கென்னமோ சினை நின்னிருக்குன்னு தோணுது."

"நீ எப்ப டாக்டரான?" என்றார் மாட்டுக்காரர். "நீங்க போடுங்க தம்பி."

"எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்க," என்றார் வியாபாரி. "எனக்குக் கால் மரத்துப்போச்சு."

ஊசிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். குச்சி வீணாகிறது. மூன்று முறை தவறியதும் தன் கையால்தானோ என்ற உறுத்தல் வேறு.

"சினையிலயும் சில மாடு கத்தும்தான்," என்றார். சொல்லிக்கொண்டே குச்சியைக் குழலில் செருகினார்.

இடது கையை உள்ளே விட்டுக் கருப்பை வாயைப் பிடித்தார். வலது கையால் குழலைத் தள்ளினார். வழக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். இன்று மாட்டியது. கொஞ்சம் அழுத்தினார். ஏதோ இடம் கொடுத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை நின்றது. குச்சியிலிருந்ததைச் செலுத்தாமலே குழலை உருவினார்.

நுனியில் தேன்போலக் கெட்டியான பசை இழுபட்டது. பருவத்துக்கு வந்த மாட்டில் இது இருக்காது. சினை நின்றபின் கருப்பை தன் வாயை அடைத்துக்கொள்ளும் பசை அது.

"என்னண்ணே?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பசை மூவர் கண்ணிலும் பட்டிருந்தது. அதன் அர்த்தம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சினைதான்," என்றார். "ஆனா அடைப்புல குத்திட்டேன். கலையுமா நிக்குமான்னு என்னால சொல்ல முடியல."

மாட்டுக்காரர் கயிற்றை விட்டார். "இப்ப என்ன செய்யறது?"

"பத்துப் பதினஞ்சு நாள் பாக்கணும். ரத்தம், சீழ் எது வந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்க. நான் செஞ்சதை மறைக்காம சொல்லுங்க."

"அப்ப நான்?" என்றார் வியாபாரி.

"எந்திரிங்க. வாளி எங்களுது," என்றாள் மனைவி.

வியாபாரி எழுந்தார். அவள் கணவனைப் பார்த்தாள்.

"நான் எங்கடி போறது? என் கொட்டகை."

"நீங்களுந்தான். 'போடுங்க தம்பி'ன்னு சொன்ன வாய் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

மாட்டுக்காரரும் வெளியே போனார். கடைசியாக ஊசிக்காரர் கேனைத் தூக்கினார். முழங்கைவரை போட்ட உறையைக் கழற்றக்கூட மறந்து வாசலைத் தாண்டினார். உள்ளே கோபக்காரி ஒருமுறை கத்தியது. வலியா, வழக்கமா என்று கேட்கத் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து மனைவி பூட்டையும் மாட்டினாள்.