மூன்றில் ஒரு பங்கு

எண்பத்தைந்தாம் வருஷம், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகல். கல்கத்தா பாலிகஞ்சில் குருமூர்த்தியின் வீட்டில் இருந்தவர்கள் நால்வர். சுவரோரம் நாற்காலியில் குருமூர்த்தி. அவன் முன்னால் மேசைமேல் புடவைப் பெட்டியின் அட்டை மூடி திரைபோல நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. சிகரெட் சாம்பலை வெளியே தட்ட வசதியாக ஜன்னல் பக்கம் சௌந்தரராஜன்; சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. சமையலறை வாசலருகே மோடா என்கிற பிரம்பு முக்காலியில் குருமூர்த்தியின் மனைவி ஷியாமளா. குருமூர்த்திக்கு நேர் எதிரே ஜம்புநாதன். அட்டைக்குப் பின்னால் நடப்பதைத் தவிர மற்ற எல்லாம் தெரிகிற இடம் அது.

அட்டைக்குப் பின்னால் நடந்தது பகடை உருட்டல். கப்பலில் வேலை பார்க்கும் ஷியாமளாவின் அண்ணன் லண்டனிலிருந்து வாங்கிவந்த விளையாட்டு. குருமூர்த்தி கதையை நடத்துவான்: ஒரு குகை, ஒரு பாழ்கோட்டை, உள்ளே ஒரு பூதம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன். பூதம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைப் பகடைதான் சொல்லும். பெரிய பூதமென்றால் எட்டு முகப் பகடையை ஆறு தடவை உருட்டிக் கூட்ட வேண்டும். வருகிற தொகைதான் அதன் உயிர். தொகை நடத்துபவனுக்கு மட்டும் தெரியும். பூதம் அடிபட்டு விழுந்த பிறகே மற்றவர்களுக்கு உத்தேசமாகப் புரியும்.

துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவான ஜம்புநாதன் எதையும் உத்தேசத்தில் விடுகிற ஆள் இல்லை. எந்தப் பூதம் யாரிடம் எவ்வளவு அடி வாங்கி விழுந்தது என்று வாராவாரம் எழுதிவைத்தான். எட்டு முகப் பகடைக்குச் சராசரி நாலரை; ஆறுக்கு இருபத்தேழு. சௌந்தரராஜனிடம் சிக்கிய பூதங்கள் ஏறக்குறைய அந்த இருபத்தேழிலேயே விழுந்தன. ஜம்புநாதனிடம் சிக்கியவை பதினெட்டிலேயே சாய்ந்தன. ஒருநாள் அப்படி நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டு வருஷமும் அப்படியே நடந்தால்?

கணக்குப் போட்டான். பகடை தானாக அப்படி விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. எனவே இது தற்செயல் அல்ல. வேறு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடிப் போனவனுக்கு அகப்பட்டது அவனேதான். சௌந்தரராஜன் கண்டபடி வாள் வீசுகிறவன். ஜம்புநாதனின் வீரனோ நிதானம் தப்பாமல், முறை தவறாமல் அடிக்கிறவன். பூதத்தின் உயிர் சதையில் மட்டுமா இருக்கிறது, தைரியத்திலும் இருக்கிறது. ஒழுங்கானவன் முன்னால் அந்தத் தைரியம் சீக்கிரம் உடைகிறது. கதையை நடத்துகிற நல்ல நடுவர் இதைத் தன்னையறியாமலே உணர்ந்து பூதத்தைச் சாய்த்துவிடுகிறார். எனவே அப்படிப்பட்ட வீரனை எதிர்க்கும் பூதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உயிரைக் குறைப்பதை விதியாகவே வைக்கலாம். இப்படியொரு கட்டுரையை எழுதி லண்டன் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினான். அக்டோபர் இதழில் போடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது. அதற்காகத்தான் அன்று சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்திருந்தான்.

பதிலை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது, முக்கியமாக இராஜமாணிக்கத்துக்கு. இலாகா பரீட்சையில் ஜம்புநாதன் தோற்ற வருஷம் தேறியவர் அவர். அதுவரை இவனுக்குக் கீழே இருந்தவர், இப்போது மேலதிகாரி. கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகுலுக்கினார். பரீட்சைக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் ஜம்புநாதன் தலைநிமிர்ந்து நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

நண்பர்களுக்குக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். மூன்றில் ஒரு பங்கு என்ற இடம் வந்ததும் சௌந்தரராஜன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான். சந்தேஷைக் கடித்த குருமூர்த்தி மெல்லாமல் இருந்தான். பிறகு, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடும்படி பத்திரிகைக்கு எழுதிவிடேன் என்றான். சராசரியும் வாய்ப்புக் கணக்கும் தனியாகவே நன்றாக இருக்கிறதாம்.

"அதை எடுத்துட்டா மிச்சம் என்னடா? வாய்ப்பாடா?"

குருமூர்த்தி காரணம் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துவிடு என்றே சொன்னான். ஜம்புநாதனுக்குச் சுருக்கென்றது.

"உனக்குப் பொறுக்கலை. விளையாட்டு உன் வீட்டுது, பேரு எனக்கு வரப்போறது."

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த ஷியாமளாவுக்குத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் பெங்காலி வழக்கப்படி 'தா', அண்ணன். புருஷனைக் குறை சொன்னதும் அவள் மோடாவிலிருந்து எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று குருமூர்த்தி கையமர்த்தியதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நின்றிருக்க மாட்டாள்.

"ஜம்புதா, ரெண்டு வருஷமா உங்க பூதத்துக்கு மட்டும் இவர் உயிரைக் குறைச்சிண்டிருக்கார். பரீட்சை போனப்புறம் இங்க வந்து உட்கார்ந்தேளே, அந்த முகத்தைப் பார்க்க சகிக்கலை. இங்கயாவது ஜெயிக்கட்டும்னார். உருட்டற தொகையில மூணுல ஒரு பங்கைக் கழிச்சுடுவார். அதைப் போய் உங்க சாமர்த்தியம்னு லண்டனுக்கு எழுதியிருக்கேள்."

ஜம்புநாதன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்டா" என்றான் சௌந்தரராஜன். "என் ஆள் மூணு தரம் செத்தான். எனக்கும் கால் பங்கு தள்ளுபடி குடேன்னு கேட்டேன். நீயும் பரீட்சையில தோத்துட்டு வா, பார்க்கலாம்னான்."

ஜம்புநாதனின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, அதுதான் கொடுமை. இருபத்தேழில் மூன்றில் ஒரு பங்கு போனால் பதினெட்டு. நண்பன் தன்மேல் வைத்த இரக்கத்தைத் துல்லியமாக அளந்து எடுத்து, அதற்குத் தன் திறமை என்று பெயரும் சூட்டி, கடல் தாண்டி அனுப்பியிருந்தான்.

குருமூர்த்தி அட்டை மூடியை எடுத்துக் கீழே வைத்தான். இனிமேல் எல்லோர் கண்முன்னாலும் உருட்டுகிறேன், உட்கார் என்றான். இருக்கிற கட்டுரை இருந்துவிட்டுப் போகட்டும், லண்டன்காரனுக்கு என்ன தெரியப்போகிறது, அச்சில் பேர் வருவதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றான் சௌந்தரராஜன். ஜம்புநாதன் குடையை எடுத்துக்கொண்டான். குருமூர்த்தி படிவரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"நல்லதுன்னு நினைச்சுத்தான்டா செஞ்சேன்."

"பரீட்சையில என்னை நேரா தோக்கடிச்சா. அவா குடுத்த மரியாதைகூட நீ குடுக்கலை."

மறுநாள் காலை பெஹாலாவில் தன் அறையில் உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினான். முதல் பத்தியில் நன்றி. இரண்டாவதில், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்ற செய்தி. மூன்றாவதுதான் ஓடவில்லை. விவரங்களில் பிழை என்று எழுதினால் போதும், யாரும் மேலே கேட்கப்போவதில்லை. ஆனால் விவரங்களில் பிழை இல்லையே. என் பூதங்களின் உயிரை நடுவர் எனக்குத் தெரியாமல் குறைத்துவந்தார் என்று எழுதினான். ஏன் என்பதற்கும் ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. இரக்கத்துக்கு இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோலக் கசந்தன. கடைசியில், நான் வேறொரு பரீட்சையில் தோற்றதை முன்னிட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அக்டோபரில் இராஜமாணிக்கம் கட்டாயம் கேட்பார். பத்திரிகை வந்துவிட்டதா, ஒரு பிரதி கொடுங்களேன் என்பார். வரவில்லை, வராது என்று அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அப்போது என்ன பொய் சொல்வது என்று பஸ் நிறுத்தம் தாண்டி நடக்கும்வரை யோசித்தான். ஒன்றும் தேறவில்லை.

தபாலாபீசில் கோந்து காய்ந்து கிடந்தது. விரலை நனைத்துக் குழைத்து உறையின் மடலில் தடவி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிறுத்துப் பார்த்தார், தபால்தலைகளை ஒட்டி ஓங்கி முத்திரை குத்தினார், விமானத் தபால் சாக்கில் எறிந்தார்.