தெரிந்த சொல்லை அவர் எழுதவில்லை

1

இந்தக் கதையை ஒரு தேடல் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஹாஷிமின் கொமியூனிகேஷன் கடைக் கணினியில், ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் பார்க்க ‘எம்’ எழுத்தைத் தட்டினேன். முன்பு யாரோ தேடியது தானாக விரிந்தது: ‘மெலிக்னன்ஸி, தமிழ் அர்த்தம்.’ யார் என்று கேட்டேன். ஹாஷிம் பெயரைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். றஞ்சிதம் என்பது நான் வைத்த பெயர்.

2

கடலைப் பார்த்தபடி நின்ற றஞ்சிதம்… (வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்குக் கடல் பார்க்க ஏது நேரம்?)

றஞ்சிதம் ஹட்டன் பக்கத்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை அறை, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மார்புக் கட்டியைச் சோதித்த அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருந்தது. அதிலிருந்து இரண்டு சொற்களைத் துண்டுத் தாளில் எழுதி வந்தார். ஹாஷிம் தட்டினார். முதலாவது, எவிடன்ஸ்: சான்று. இரண்டாவது, மெலிக்னன்ஸி. அதற்குத் திரை சொன்னது: புற்றுநோய்த் தன்மை.

“அப்ப எனக்கு அதுதானாண்ணே?”

“பொறுங்க தங்கச்சி. முழு ரிப்போட் எங்க?”

“வீட்டுல. தெரியாத சொல்ல மட்டுந்தான் எழுதுனேன். தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?”

“நல்ல வேல பார்த்தீங்க! கூகுளுக்கு ஒத்தச் சொல்லக் குடுத்தா அது நம்மள உசிரோட அடக்கிரும். தாளக் கொண்டு வாங்க.”

3

முதல் பிரதியில், தாளை எடுக்கப் போனவரை மழையில் பஸ் ஏற்றி, பம்பலப்பிட்டியில் நெரிசலில் நிறுத்தி… அடித்துவிட்டேன். ஒரு பெண்ணின் பயத்தை என் கதைக்காக நீட்டுவது பாவம்.*

4

ஹாஷிம் அறிக்கையில் அந்த வரியைக் கண்டுபிடித்தார். இரண்டு சொற்களுக்கும் முன்னால் இருந்த குட்டிச் சொல்லில் விரலை வைத்தார்.

“இது தெரியுமா?”

“நோ. இல்லன்னு அர்த்தம்.” றஞ்சிதத்தின் விரலும் அந்தச் சொல்லுக்கே வந்தது. “தெரியும்ண்ணே… அதான் எழுதல.”

ஹாஷிம் சிரிக்கவில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, பிளேன்டீ வாங்கப் போனார்.

5

அடுத்தவர் பயப்படக் கூடாதென்று அந்தத் தேடலை என் கண்முன்னே அழித்தார் ஹாஷிம். றஞ்சிதம் அதற்குப் பிறகு எங்கே போனார் என்று அவருக்குத் தெரியாது. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்தவா? நேரே சமையலுக்கா? முடிவை நீங்களே எழுதுங்கள். ஒன்றே ஒன்று: தெரிந்த சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

____
* உண்மையில் அவர் மறுநாள் காலைதான் தாளுடன் வந்தாராம். அந்த ஓர் இரவை நான் எடுத்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.