மோட்டார் அறைப் பூட்டு

ஜூன் பதினொன்றாம் தேதி, பதிவு அலுவலகத்தில், மாடியோடு கூடிய ஒரு வீடு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் பேருக்கு மாறியது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பூட்டு ரிப்பேர்க்காரரின் வாடகை ஒப்பந்தமும் வீட்டோடு சேர்ந்து வந்தது. அதில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

“அது வெறும் காகிதம்மா. நல்லபடியா சொன்னா போயிடுவான்” என்று விற்றவர் சொன்னதை அவள் நம்பினாள். பஸ் ஓட்டிய கணவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுத்தாகிவிட்டது; அவருக்குக் கீழ்த்தளம்தான் சரிப்படும். இப்போதிருக்கும் வாடகை வீட்டையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

பூட்டுக்காரர் கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

“வீட்டுக்காரர் மாறினா ஒப்பந்தமும் மாறிடுமாக்கா?”

“மாடியை எடுத்துக்கோங்க. வாடகையைக் குறைச்சுக்கறேன்.”

“முன்ரூம்தானே என் கடை? சாவியைத் தொலைச்சவன் ஏற்கெனவே நொந்துபோய் வருவான். அவனைப் படியும் ஏறச் சொல்லவா?”

தெருவுக்கு வந்ததும், கூட வந்திருந்த அவள் தம்பி பல்லைக் கடித்தான். “கெஞ்சினா மிஞ்சத்தான் செய்வான். மோட்டார் சுவிட்ச் மாடியிலதானே இருக்கு? தண்ணியை நிறுத்து. தானா மூட்டையைக் கட்டுவான்.”

அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். கணவரை நினைத்துக்கொண்டாள். மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே ஒரு சத்தமும் இல்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் டூட்டி முடிந்து தம்பியோடு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டடியில் பூட்டுக்காரர் நின்றிருந்தார், கையில் அவளுடைய பூட்டு.

“உடைக்கலக்கா. எண்ணெய்கூட விட்டிருக்கேன். ஆனா பூட்டுக்காரனுக்கே பூட்டுப் போட்டீங்க பாருங்க!”

தம்பி சட்டைக் கையை மடித்தான்.

“நீ சும்மா இருடா” என்றாள்.

பூட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. “அடுத்த தடவை பூட்டைத் தொட மாட்டேன். ஒப்பந்தத்தோட நேரா கோர்ட்டுக்குப் போயிடுவேன்.”

அவள் கையை நீட்டிப் பூட்டை வாங்கிக்கொண்டாள்.

“இனிமே தண்ணி நிக்காது” என்றாள். “அவரைத்தான் எப்படி மேல ஏத்தறதுன்னு தெரியல.”

பூட்டுக்காரர் படிகளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாதக் கடைசியில் கணவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் பூட்டுக்காரர்.

ஒப்பந்தம் முடியும்வரை பூட்டுக்காரர் கீழேயே இருந்தார். கணவர் ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் இறங்கினார்.