கழுத்துப்பிடி

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த நாளிலிருந்தே சண்டைதான். அதற்கு முன்னால் சண்டை இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது, ஆனால் அதற்கு முகம் கிடையாது. இப்போது இரண்டு வட்டமான முகங்களைச் செய்து, கண்ணாடி போட்டு, உள்ளே ஆளுக்கொரு முள்ளையும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே, மலையடியில், ஆற்றை ஒட்டி ஒரு பஞ்சு மில். மேட்டில் மேலத் தெரு. அங்கே குடியிருந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் பிராமணர்கள். இறக்கத்தில் நாங்கள், மில்லில் வேலை பார்க்கிற வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மில் துரை மலை ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, மேலத் தெரு வழியாக எங்களுக்கும் விடச் சொன்னார். வேலையை நடத்தியவர் சாமான் கிடங்குக் குமாஸ்தா ஸ்வாமிநாதன். இரண்டு தெருவும் சந்திக்கிற இடத்தில் செங்கல் தொட்டி ஒன்று கட்டி, அதற்குள் பித்தளை வால்வு ஒன்றை உட்கார வைத்தார். தண்ணீரின் வேகத்தைக் காட்ட வால்வுக்கு மேல்புறம் ஒரு வட்டம், கீழ்ப்புறம் ஒரு வட்டம். மேல் வட்டத்தில் முள் எப்போதும் தொண்ணூறில் நிற்கும். எங்கள் வட்டத்தில் இருபதைத் தாண்டாது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தெரு எங்கள் தெரு. தொண்ணூறுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் தெரியாதா எங்களுக்கு?

அந்த வால்வுக்குக் கழுத்துப்பிடி என்று பெயர் வைத்தவன் சுவிசேஷமுத்து. மில்லில் பஞ்சுப் பொதி பிரிக்கிறவன், என் எதிர்வீட்டுக்காரன். அவன் பெண்டாட்டி சாலோமி முந்தின வருஷம் ஆற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்து, வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடி நிறைமாதம். இனி படி இறங்கினால் தாயும் தங்கமாட்டாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தக் குழாய்தான் உயிர். குழாயோ நூல் மாதிரி ஒழுகும். ஒரு குடம் நிறைவதற்குள் வரிசையில் நாலு சண்டை வந்துவிடும்.

சுவிசேஷமுத்து ஸ்வாமிநாதனைத் தொட்டியடியில் மடக்கினான். எங்கள் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்ததே கிடையாது. குழாய் புதைத்தபோதுகூட மேட்டில் நின்றுகொண்டே கையைக் காட்டி வேலை வாங்கினார். அதுவும் நாங்கள் மில்லுக்குள் இருந்த நேரத்தில், வெளியூர் ஆட்களை வைத்து.

"சாமி, எங்க முள்ளு மட்டும் ஏன் இருபதுல நிக்குது?"

"அவ்வளவுதான் வெக்கணும். பள்ளத்துல இறங்க இறங்கத் தண்ணிக்கு வேகம் ஜாஸ்தி. இதுல குறைச்சு விடலேன்னா குழாய் தெறிச்சுடும்."

"ஒங்க தெருவுல தெறிக்கலையே?"

"அது வேற."

"என்ன வேற?"

ஸ்வாமிநாதன் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்ததால் நாங்கள் ஒரு சொல்லையும் நம்பவில்லை. கிணற்றையும் தெருவையும் எட்டி நிற்கிற தூரத்தையும் எங்களுக்கு அளந்து கொடுத்தவர்கள், தண்ணீரில் மட்டும் நியாயம் பார்ப்பார்களா? எங்கள் இடத்தில் யார் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் சுவிசேஷமுத்து திருகு சாவியோடு தொட்டிக்குள் இறங்கினான். சுற்றித் தெருவே நின்றது. எந்தப் பக்கம் திருகுவது என்று அவனுக்குத் தெரியாது. முதலில் திருகியதில் முள் பத்துக்கு இறங்கியது. எல்லாரும் அவனைக் கரித்துக்கொட்டினோம். மறுபக்கம் திருகினான். முள் ஏறியது. முப்பது, நாற்பது.

"ஏலே, இன்னும் திருப்பு," என்றார்கள் பின்னாலிருந்து.

கீழே சாலோமி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். தண்ணீர் கொட்டிய கொட்டில் குடம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது. அவள் சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். அடுத்த குடத்தை வைப்பதற்குள் நடுத்தெருவில் மண் ஈரமானது, உப்பியது, வெடித்தது. செந்தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. அப்புறம் என் வாசலில், அப்புறம் கோயில் முன்னால். குழாய் பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. சாலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, அவள் மேல் ஒன்றும் படவில்லை.

சுவிசேஷமுத்து திருகை இறுக்கி அடைத்துவிட்டு ஓடிவந்தான். மண்ணைத் தள்ளிக் குழாயைப் பார்த்தோம். துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. ஓட்டைகளில் கயிறு சுற்றித் தார் பூசியிருந்தது. எங்கள் ஆண்களுக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பழைய கொதிகலன் கொட்டகையிலிருந்து கழற்றி வருஷக்கணக்காக மழையில் போட்டிருந்த குழாய். மத்தியானம் அதன் மேல் உட்கார்ந்துதான் அவர்கள் கஞ்சி குடித்திருக்கிறார்கள். புதுக் குழாய் அத்தனையும் மேலத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிருந்தது.

அவர் சொன்ன 'வேற' அதுதான். வால்வில் வஞ்சனை இல்லை. அந்த உளுத்த குழாய் தாங்குகிற அளவுக்குத் தண்ணீரை அடக்கி விட்டுக்கொண்டிருந்தது, பாவம். எங்களுக்கு ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான் அதுதான், அதன் கழுத்தைத்தான் நாங்கள் திருகினோம். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் காலையில் ஸ்வாமிநாதன் தொட்டியடியில் நின்றே தீர்ப்புச் சொன்னார். "ஒடைச்சது நீங்கதானே? இனிமே ஆத்துக்கே போங்க."

சுவிசேஷமுத்து கையை ஓங்கிக்கொண்டு போனான். சாலோமி குறுக்கே நின்றாள்.

"ஒங்கள உள்ள தூக்கி வச்சிருவாங்க. நீங்க இங்கனயே நில்லுங்க."

குடத்தை இடுப்பில் எடுத்தாள். பைய நடந்து தொட்டியைத் தாண்டி மேலத் தெருவுக்குள் போனாள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அங்கே நடந்ததில்லை. நான் தொட்டியருகில் நின்று பார்த்தேன்.

தெருக் குழாயில் ஸ்வாமிநாதனின் சம்சாரம் நாகலக்ஷ்மி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கினாள். சாலோமி குடத்தை வைத்துத் திறந்தாள். தண்ணீர் இடித்த இடியில் குடம் துள்ளியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மார்பு வரை நனைந்தாள்.

வீட்டுக்கு வீடு வெளியே வந்தார்கள். போடி என்றார்கள், தள்ளுங்கோ என்றார்கள். யார் தள்ளுவது? தொட்டால் தலைமுழுக வேண்டும், தலைமுழுகத் தண்ணீர் வேண்டும், குழாயடியில் அவள் நிற்கிறாள். ஒருவர் கம்பை எடுத்தார். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

ஸ்வாமிநாதன் மூச்சு வாங்க ஓடிவந்தார். சாலோமி நிறைந்த குடத்தை எடுத்தாள்.

"நாளைக்கும் வருவேன் சாமி. எங்க தெருவுல புதுக் குழாய் போடுத வரைக்கும் வருவேன். எனக்குப் பேறுகாலம் ஆயிட்டுன்னா எதுத்த வீட்டு கெசியா வருவா."

கெசியா நான்தான். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

குழாய் தீட்டுப்பட்டுவிட்டது என்று சடங்கு செய்து முடிக்கும் வரை மேலத் தெரு அதைத் தொடவில்லை. அன்றைக்கு நாகலக்ஷ்மி குடத்தோடு ஆற்றுப் படியில் இறங்கினாள். மறுநாள் சடங்கு முடிந்த கையோடு சாலோமி மறுபடி போய் நின்றாள். அதற்கு மறுநாளும் போனாள்.

அந்த வாரமே கிடங்கிலிருந்து புது இரும்புக் குழாய் வந்து இறங்கியது. இரக்கத்தால் வந்ததல்ல, எங்களை அங்கே வரவிடாமல் தடுக்க வந்தது. வந்தால் போதும் எங்களுக்கு. இந்தத் தடவை எங்கள் ஆண்களே கூட நின்று புதைத்தார்கள்.

இனி கழுத்துப்பிடி எதற்கு, பிடுங்கி எறி என்றார்கள் சிலர். சுவிசேஷமுத்து மறுத்துவிட்டான். "குடம் துள்ளாம இருக்கணும்லா," என்று முள்ளை நாற்பதில் நிறுத்தினான்.

ஸ்வாமிநாதன் வேலை முடியும் வரை தொட்டியடியிலேயே வெயிலில் நின்றார். முதல் தண்ணீரைச் சாலோமி செம்பில் பிடித்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"குடிக்கியளா சாமி? ஒங்க தெரு வழியா வந்த தண்ணிதான்."

உதடு காய்ந்து கிடந்தது அவருக்கு. செம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாலோமி அவர் முன்னாலேயே அதை அண்ணாந்து குடித்து முடித்தாள்.