பல் பதிந்த இடம்

ஸ்டெல்லா கறுப்புச் சேலையோடு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, தாபோடியிலுள்ள வீட்டில் அவள் அம்மா அந்தோணியம்மாளின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரே மகள், ஆட்டோ பிடித்து வாத்தியக் காட்சியகத்துக்கு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"இதுதாம்மா எங்கப்பாவோடது" என்றாள் காட்சியகப் பெண்ணிடம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கிளாரினெட். கறுத்த மரத்தில் வெள்ளிச் சாவிகள் மங்கியிருந்தன. பேண்டில் அதை வாசித்த அப்பா சேவியர், கூட்டாளிகளோடு கடக்வாஸ்லா அணையில் குளிக்கப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அந்தோணியம்மாள் மட்டும் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் ஏற்றிவிட்டு வருவாள்.

சாயங்காலமானால் அலமாரி மேலிருந்து கிளாரினெட் வாசிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். மகன் வசந்தகுமார் பயந்துபோய் அதைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தான். அதற்குப் பிறகும் அவளுக்குக் கேட்டது. "பாதியிலயே நிறுத்திர்றாருடி. மூச்சு முட்டுது அவருக்கு" என்பாள். ஸ்டெல்லா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

நேற்று மத்தியானம் அம்மா கடைசியாகப் பேசியது இதுதான்: "வாய் வச்சு ஊதுற எடத்துல உங்கப்பா பல்லு பதிஞ்சிருக்கு. அவரு மிச்சம்னு இருக்கிறது அது மட்டுந்தான். அத என்கூட வச்சுப் பொதைங்க." சரியென்று தலையாட்டியவள் ஸ்டெல்லா.

காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் சஹானா கிர்க்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். வார்த்தைகளைத் தேடித் தேடி, கிடைக்காத இடத்தில் இந்தி கலந்து பேசினாள்.

"ஆன்ட்டி, முழுசா நீங்க கேக்கல, சமஜ் கயி, புரியுது. ஆனா மௌத்பீஸ் மட்டும்கூட குடுக்க ஆகாது. நம்பர் போட்டாச்சு. என் நவுக்ரி, வேலையே போயிரும்."

"சாயங்காலம் அம்மாவ எடுத்துருவாங்கம்மா."

சஹானா மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள்.

"தொட்டுப் பாருங்க. உத்னா... அவ்ளோதான்."

மௌத்பீஸ் ஸ்டெல்லாவின் உள்ளங்கைக்கு வந்தது. மேல்பக்கம் இரண்டு பள்ளங்கள். வருஷக்கணக்காக மேல்பற்கள் ஊன்றிய இடம். ஒன்று நேராக, ஆழமாக இருந்தது. இன்னொன்று அதன்மேல் ஏறிச் சாய்ந்திருந்தது.

"ஒரு பல்லு டேடா, கோணல். உங்களுக்கும் அப்படியே..." சஹானா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஸ்டெல்லா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிரித்தால் போதும், "கதவு கோணிக்கிச்சு, சாத்துடி" என்பான் வசந்தகுமார்.

கைப்பேசியில் அவனே கூப்பிட்டான்.

"எங்கடி தொலைஞ்ச? ஃபாதர் வந்து ஒக்காந்திருக்காரு. அத்தை வேற பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு உயிர வாங்குது."

"அப்பா கிளாரினெட்டுகிட்ட நிக்கிறேன்ண்ணா. தர மாட்டேங்கிறாங்க."

அவன் பின்னாலிருந்த பேச்சுச் சத்தம் தேய்ந்தது. கூட்டத்தை விட்டு எங்கோ தள்ளிப் போயிருந்தான் போல.

"வாசிக்குதா?" என்றான் மெதுவாக.

"இல்ல."

"எனக்கு நேத்து ராத்திரி கேட்டுச்சு. சீக்கிரம் வா" என்றான்.

சஹானா ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எதையோ பார்ப்பதுபோல் நின்றாள். ஸ்டெல்லா மௌத்பீஸை வாயில் வைத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பற்களும் தம் இடம் தெரிந்தவைபோல் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. நாக்கில் பழைய மரப்பெட்டியின் வாசனை. மூச்சு தானாக உள்ளே போயிற்று. சத்தம் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அந்த மூச்சை இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. அவளால் வாயை எடுக்க முடியவில்லை.

"ஆன்ட்டி, பஸ்... போதும்" என்றாள் சஹானா, திரும்பாமலே.

ஸ்டெல்லா வீடு வந்து சேர்ந்தபோது கடைசி முத்தம் கொடுக்க வரிசை நின்றிருந்தது. வசந்தகுமார் முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தான். வெறுங்கை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா கல்யாணப் புடவையில் கிடந்தாள். சிறுநீரகம் கெட்டதிலிருந்து வீங்கிய கைகள் இன்னும் வற்றவில்லை. ஸ்டெல்லா நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு ஜெபமாலை நழுவாமல் அம்மாவின் வலது கையைத் தூக்கி, புறங்கையில் வாய் வைத்தாள். முத்தத்துக்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்திருந்தாள்.

"அழட்டும், விடுங்க" என்றாள் அத்தை.

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். புறங்கையில் இரண்டு பள்ளங்கள். ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. உயிருள்ள சதையென்றால் இந்நேரம் மேலெழும்பி மறைந்திருக்கும். அவை அப்படியே இருந்தன.

பக்கத்தில் நின்ற வசந்தகுமார் அதைப் பார்த்தான். குனிந்து, புடவைத் தலைப்பை இழுத்து அந்தக் கைமேல் போர்த்தினான். பிறகு சவப்பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம் தலையசைத்தான்.